காலை பத்து மணிக்கு டயான் ரீம்: பதினான்கு வருடம் கேட்ட அனுபவம்

அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் டயான் ரீமை முதல் தடவை கேட்டபோது ரேடியோவைத்தான் சந்தேகப்பட்டேன். 2002 செப்டம்பர். வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துப் பக்கம் ஒரு வாடகை அபார்ட்மென்ட். கணவர் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவார். எனக்கு, வேலைக்கு வந்தவரின் மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசா. அந்தக் காலத்தில் அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன சின்ன டிரான்சிஸ்டர் சமையல் மேடையில் கிடந்தது. எஃப்.எம். 88.5இல் ஒரு பெண்குரல். தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி நடுங்கி, இழுத்து இழுத்துப் பேசியது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புதிது வாங்கிப் போட்டேன். குரல் அப்படியேதான் இருந்தது.

வானொலிக் குரல் என்றால் எனக்கு 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி'தான். தெளிவு, கம்பீரம், ஒரு எழுத்து பிசகாது. இந்த அம்மாவை யார் மைக் முன்னால் உட்காரவைத்தார்கள் என்றே தோன்றியது. ஒரு வாரம் வேறு ஸ்டேஷன்களைத் திருப்பிப் பார்த்தேன். விளம்பரமும் பாட்டுமாகப் பறந்தார்கள், பாதி புரியவில்லை. ரீம் பேசியது முழுக்கப் புரிந்தது. நான் திரும்பி வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

நிகழ்ச்சி திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 முதல் 12 வரை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு விஷயம். ஒரு நாள் வரிச் சட்டம் இருக்கும், அடுத்த நாள் தூக்கமின்மை, அதற்கடுத்த நாள் புது நாவல் எழுதியவர். வெள்ளிக்கிழமை பத்திரிகையாளர்கள் கூடி வாரச் செய்திகளை அலசுவார்கள். முதல் மணி உள்நாடு, இரண்டாவது வெளிநாடு. என் சாம்பார் கொதிக்கும் நேரமும் நிகழ்ச்சியில் நேயர்கள் தொலைபேசியில் வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.

குரலின் கதை அப்புறம்தான் தெரிந்தது. 1998இல் அவருக்கு ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா என்று கண்டுபிடித்தார்கள். குரல்நாண் தசைகள் நம் கட்டுப்பாட்டை மீறித் தாமாகவே இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு. குணமாகாது. சில மாதங்களுக்கு ஒருமுறை குரல்நாண் தசையில் போடாக்ஸ் ஊசி போட்டுத் தளர்த்த வேண்டும். ஊசி போட்ட புதிதில் குரல் காற்றாகப் போகும், பிறகு தேறும், மருந்து இறங்க இறங்க மறுபடி இறுகும். ரொம்ப நாள் கேட்பவர்களுக்கு இந்தச் சுற்று அத்துப்படி. 'இந்த வாரம் தொண்டை பிடித்துவிட்டது, சீக்கிரம் லீவு போடுவார்' என்று கணவரிடம் சொல்வேன். சொன்னபடியே சில நாளில் பத்திரிகையாளர் சூசன் பேஜோ வேறொருவரோ வந்து உட்காருவார், டயான் குரல் சிகிச்சைக்குப் போயிருக்கிறார் என்பார். எந்த மறைப்பும் கிடையாது. குரலை வைத்துப் பிழைக்கிறவர் அதையே இப்படிப் பொதுவில் வைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தபோதுதான் உண்மையில் ஒட்டிக்கொண்டேன். 1936இல் வாஷிங்டனில் பிறந்தவர். பெற்றோர் புலம்பெயர்ந்து வந்த அரபுக் கிறிஸ்தவர்கள். கல்லூரிப் படிப்பு இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையில் செயலாளராக இருந்தபோது, அங்கே வழக்கறிஞராக இருந்த ஜான் ரீமைச் சந்தித்து மணந்தார். இரண்டு குழந்தைகள், பல வருடம் வீடு, சமையல். 1973இல் டபிள்யூ.ஏ.எம்.யு. என்ற பல்கலைக்கழக வானொலி நிலையத்துக்குச் சம்பளம் இல்லாத தன்னார்வலராகப் போகிறார். போன முதல் நாளே வழக்கமான தொகுப்பாளருக்கு உடம்பு சரியில்லை, இவரை ஒலிபரப்பறைக்குள் உட்காரவைத்துவிட்டார்கள். 1979இல் காலை நிகழ்ச்சி இவர் கைக்கு வந்தது. 1984இலிருந்து நிகழ்ச்சிக்கு இவர் பெயர்தான்.

எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு சமையல் மேடை துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2004இல் பக்கத்து நூலகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ரீமைக் கேட்டுத்தான் சேர்ந்தேன் என்றால் அது கொஞ்சம் அதிகம். ஆனால் படிவம் நிரப்பியபோது ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

பேட்டி எடுக்கும் விதம் பற்றிச் சொல்ல வேண்டும். தான் எவ்வளவு படித்திருக்கிறோம் என்று காட்டும் கேள்விகள் அவரிடம் குறைவு. நிபுணர் ஏதாவது துறைச் சொல்லை வீசினால் நிறுத்தி, அதற்கு என்ன அர்த்தம் என்பார். கேள்வி சின்னதாக இருக்கும், அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. குரல் சிரமத்தால் வந்த இடைவெளியா, வேண்டுமென்றே விட்டதா என்று கடைசி வரை எனக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் விருந்தினர்கள் தயாரித்து வராத பதிலைச் சொல்வார்கள். ஒரு தடவை நானும் போன் எடுத்து எண்ணைச் சுழற்றினேன். மணி அடித்ததும் பயந்து வைத்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திரும்பத் திரும்ப அதே வாஷிங்டன் முகங்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மாற்றிச் சொல்லி நேரம் போகும். பெரிய சறுக்கல் 2015 ஜூனில். அப்போது அதிபர் தேர்தல் களத்தில் இருந்த செனட்டர் பெர்னி சாண்டர்ஸிடம், உங்களுக்கு இஸ்ரேல் குடியுரிமையும் இருக்கிறது என்று உண்மை போலவே சொல்லிவிட்டார். அவர் அந்த இடத்திலேயே மறுத்தார். ஃபேஸ்புக்கில் ரீம் பார்த்த கருத்து அது. மன்னிப்புக் கேட்டார், சரி. ஆனாலும் அத்தனை வருட அனுபவம் உள்ளவர் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்காதது எனக்கு ஆறவில்லை.

2014 ஜூனில் ஜான் ரீம் இறந்தார். பார்கின்சன் நோய். சாக உதவும்படி மருத்துவரைக் கேட்டிருக்கிறார். மேரிலாந்துச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உணவு, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் நிறுத்தினார். பத்து நாள். கேட்டதும் எனக்குக் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் டயான் ரீம் பேசியதில் புறநானூற்றுப் பெருமிதம் ஏதும் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. அதன் பிறகு கருணைச் சாவுச் சட்டத்துக்காக வெளிப்படையாகவே பேச ஆரம்பித்தார். அந்தக் கோரிக்கைக்காக நிதி திரட்டும் விருந்துகளில் அவர் கலந்துகொண்டது சர்ச்சையானது, பிறகு குறைத்துக்கொண்டார். அவர் துக்கம் எனக்குப் புரிந்தது. இருந்தும் ஒரு செய்தி நிகழ்ச்சி நடத்துகிறவர் அந்த மேசையில் உட்காரக் கூடாது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

கடைசி ஒலிபரப்பு 2016 டிசம்பர் 23. அதற்குள் கிரீன் கார்டு வந்து, நூலகத்திலேயே சம்பள வேலை கிடைத்து, பத்து மணிக்குக் கேட்பது நின்று பல வருடம் ஆகியிருந்தது; இரவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாட்காஸ்டில் கேட்பேன். அன்று மட்டும் லீவு போட்டுவிட்டு அடுப்படியில் நின்று கேட்டேன். ஜனவரியிலிருந்து அந்த நேரத்துக்கு ஜோஷுவா ஜான்சன் வந்தார். நல்ல குரல், நல்ல வேகம். இரண்டு வாரம் கேட்டேன்.

பழைய நிகழ்ச்சிகள் பல இணையத்தில் கிடைக்கின்றன. புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமைகளை விட்டுவிட்டு எழுத்தாளர் பேட்டிகளில் தொடங்கலாம். முதல் பத்து நிமிடம் கஷ்டமாகத்தான் இருக்கும். இழுக்கிறாரே என்று வேகத்தை மட்டும் ஒன்றரை மடங்கு ஏற்றிவிடாதீர்கள். என் மகள் அப்படித்தான் கேட்டாள், 'சாதாரணமாத்தானே பேசறாங்க' என்றாள்.