சுங்கை சிப்புட் கோவில் மண்டபத்துக் கோலாட்ட வகுப்பு: 14 மாதம் போன பிறகு எழுதுகிறேன்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பரதநாட்டிய வகுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோலாட்டத்துக்கென்றே ஒரு வகுப்பு நடப்பது டவுனில் இருக்கிற பலருக்குத் தெரியாது. மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கூரை மண்டபத்தில் புதன் இரவு 8 மணிக்கும் ஞாயிறு காலை 9 மணிக்கும் நடக்கிறது. மாதம் 30 வெள்ளி. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் 50. போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு நானும் 12 வயது மகளும் சேர்ந்தோம்.

டீச்சர் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 68. ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். அவருடைய பாட்டிதான் அவருக்குக் கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாராம்.

முதல் நாள் உள்ளே போனதும் நான் கவனித்தது அவர் கையிலிருந்த 555 என்கிற சின்னக் குறிப்புப் புத்தகம். தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடுவார்களே, அதே மாதிரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒரு பிள்ளை வரவில்லை. உடனே போனை எடுத்து, "கண்ணு, உன் கயிறு சும்மா தொங்குது. காய்ச்சலா? சரி, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம், நல்லா தூங்கு" என்றார். எத்தனையோ வகுப்புகளுக்கு என் மகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். வேறொரு ஊரில் ஒரு நடன வகுப்பில் ஒரு வருடம் பணம் கட்டினேன். கடைசி வரிசையில் நின்ற என் மகளின் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியாது. அவள் இரண்டு வாரம் போகவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் போன் எனக்குப் பெரிதாகப் பட்டது.

முதல் மூன்று வாரம் எழுந்து ஆடவே விடமாட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, தரையில் ஒரு தட்டு, தன் கோலோடு கோல் ஒரு தட்டு, பக்கத்து ஆளின் கோலோடு ஒரு தட்டு. கோலை அடியிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலை நீட்டினால் எதிராளியின் கோல் அதில்தான் விழும். இரண்டாம் நாளே எனக்கு நகம் கன்றிப்போனது. கோல்கள் ரப்பர் கட்டையில் கடைந்தவை, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. ரப்பர் கட்டையைப் பதப்படுத்தாமல் விட்டால் சீக்கிரம் பூச்சி அரிக்கும், பூஞ்சை பிடிக்கும். அதனால் மாதம் ஒரு முறை எல்லாக் கோல்களையும் வெயிலில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காதருகே தட்டிப் பார்ப்பார். சத்தம் மந்தமானால் அந்தக் கோல் தள்ளி வைக்கப்படும்.

அப்புறம் வருவது பின்னல் கோலாட்டம். இதற்காகவே இந்த வகுப்புக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் வரலாம். கூரைச் சட்டத்தில் ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து 12 கயிறுகள் தொங்குகின்றன. ஆளுக்கு ஒரு கயிறு இடது கையில், ஒரு கோல் வலது கையில். ஆறு பேர் வலமாகவும் ஆறு பேர் இடமாகவும் சுற்றுவார்கள். எதிரே வருகிற முதல் ஆளுக்கு உள்பக்கம், அடுத்த ஆளுக்கு வெளிப்பக்கம், திரும்ப உள்பக்கம் என்று கடந்துகொண்டே போக, மேலே சடை விழும். பிறகு அதே வழியில் பின்னோக்கி ஆடினால் அவிழும். ஒருவர் ஒரு முறை தப்பாகக் கடந்தாலும் அவிழாது.

ஒரு புதன்கிழமை அப்படிச் சிக்கியது. யாரும் வாய் திறக்கவில்லை. டீச்சர் சடைக்குக் கீழே வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் விரலால் எண்ணினார். "மேலேர்ந்து ஏழாவது சுத்து. மஞ்சள், நீ வெளியே போக வேண்டிய இடத்துல உள்ளே போயிருக்கே. பரவாயில்ல மா, எல்லாரும் அப்படியே நில்லுங்க." மஞ்சள் கயிறு என்னுடையது. என்னை மட்டும் நடத்திக் கூட்டிப்போய், இரண்டு பேருக்கு நடுவே குனிய வைத்து, சிக்கை எடுத்துவிட்டார். அந்தக் கயிறுகள் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் திரித்தவை. நைலான் கயிறு சிக்கினால் இறுகிவிடும், பருத்தி விட்டுக்கொடுக்கும் என்பார்.

இதை நான் தேடி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் அக்காள் மகள் அயர்லாந்தில் டாக்டருக்குப் படித்து அங்கேயே கிளேர் மாவட்டத்தில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது ஒரு வியாழன் இரவு பக்கத்துக் கிராமத்துத் தேவாலய மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே செட் நடனம் நடந்துகொண்டிருந்தது. நாலு ஜோடி, எட்டுப் பேர், சதுரமாக எதிரெதிரே நிற்பார்கள். பாரிஸில் ஆடிய குவாட்ரில் என்ற ஜோடி நடனம்தான் இதற்கு மூலம். 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து முழுக்கப் பரவி, ஒவ்வொரு வட்டாரமும் தன் இசைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. கிளேரில் கலிடோனியன் செட் பிரசித்தம். வில்லி கிளான்சி என்ற குழலிசைக் கலைஞரின் நினைவாக அதே மாவட்டத்தில் மில்டவுன் மால்பே ஊரில் 1973 முதல் ஒவ்வொரு ஜூலையும் கோடைப் பள்ளி நடக்கிறது. அங்கேயும் செட் நடனம் சொல்லித்தருகிறார்கள்.

அன்றிரவு ஒரு செட்டில் ஏழு பேர்தான் இருந்தார்கள். சொல்லிக்கொடுத்த வயதான அம்மா நேரே வந்து என் கையைப் பிடித்து எட்டாவது ஆளாக நிறுத்திவிட்டார். எனக்கு ஒரு அடியும் தெரியாது. ஆனால் நான் இல்லாமல் அந்த ஏழு பேரும் ஆட முடியாது. 1935இல் பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்ததும் வீட்டுக்கு வீடு ஆடியது குறைந்துபோனது என்று தேநீர் இடைவேளையில் சொன்னார்கள். எனக்கு எங்கள் லயம் நினைவுக்கு வந்தது.

இங்கே சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஒரே லயத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் சிதறினார்கள். அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. மிச்சம் இருந்தவர்களும் டவுன் குடியிருப்பான தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு முன்னால் பௌர்ணமி இரவில் என் அம்மா கோலாட்டம் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சொல்லித்தர, சேர்ந்து ஆட அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. கோலாட்டம் இரண்டு பேர் வீட்டுக்குள் ஆடிப் பழகும் ஆட்டம் இல்லையே.

குறைகளையும் சொல்ல வேண்டும். மண்டபம் புழுக்கம், ஓடுவது ஒரே ஒரு மின்விசிறி. மழை பிடித்தால் தகரச் சத்தத்தில் பாட்டு கேட்காது. ஒலிபெருக்கி கிடையாது, டீச்சரே தாளம் போட்டுப் பாடுகிறார். மழை வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் கோல் சத்தத்தை மட்டும் வைத்து ஆடச் சொல்வார், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். சான்றிதழ், தேர்வு எதுவும் இல்லை. மேடை என்றால் வருடத்துக்கு ஒன்று, கோவில் திருவிழாவில். பிள்ளையைச் சீக்கிரம் மேடையில் பார்க்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. கார் நிறுத்த இடம் குறைவு, சடக்கோரம் விட்டுவிட்டு நடக்கலாம். 8 மணி என்றால் 8 மணிதான், 5 நிமிடம் பிந்தினாலும் போன் வந்துவிடும்.

என் மகள் இப்போது வீட்டில் கரண்டியும் அகப்பையும் வைத்துத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். பள்ளியில் பேசத் தயங்குகிறவள், போன மாதம் புதிதாக வந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு, "கட்டைவிரலை மடக்கு, நகம் போயிடும்" என்று சொல்லிக்கொடுத்ததைப் பார்த்தேன்.

புதன் வகுப்பில் ஒருவர் வேலை மாறி கோலாலம்பூர் போய்விட்டார். 11 பேர்தான் இருக்கிறோம். 12ஆவது கயிறை டீச்சரே பிடித்துக்கொண்டு ஆடுகிறார், முழங்கால் வலியோடு. அவர் உள்ளே ஆடினால் சடையை அண்ணாந்து பார்க்க ஆள் இல்லை. வயது வரம்பு கிடையாது, முன் அனுபவம் வேண்டாம், கோல் அங்கேயே தருவார்கள். புதன் இரவு எட்டுக்கு முன்னால் வந்தால் போதும். ஆளில்லாத கயிறு பச்சை நிறம்.