வங்கியிலிருந்து வாக்குச்சாவடிக்கு: இரண்டு பாதைகள்

மீரா சன்யால், பழனிவேல் தியாகராஜன் இருவருமே பன்னாட்டு வங்கிகளில் உயர் பதவியில் இருந்தவர்கள். அரசியலுக்குள் நுழைந்த வாசல்தான் வேறு.

மீரா 2009 மக்களவைத் தேர்தலில் வங்கியில் விடுப்பு எடுத்துக்கொண்டு தென் மும்பையில் சுயேச்சையாக நின்றார். தோல்வி. அப்புறம் வேலையை விட்டுவிட்டு, 2014இல் அதே தொகுதியில் ஆம் ஆத்மி வேட்பாளரானார். அப்போதும் தோல்விதான். 2019 ஜனவரியில் காலமானார்.

தியாகராஜன் லேமன் பிரதர்ஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் என்று இருந்துவிட்டு வந்தவர். ஆனால் தாத்தா பி.டி.ராஜன் நீதிக்கட்சித் தலைவர். அப்பா சட்டப்பேரவைத் தலைவராக இருந்தவர். 2016இல் மதுரை மத்தியில் திமுக சார்பில் வென்றார், 2021இல் நிதியமைச்சர். வங்கி அனுபவத்துக்குப் பொருத்தமான நாற்காலிதான். ஆனாலும் 2023 மே மாதம் துறை மாறித் தகவல் தொழில்நுட்பத்துக்குப் போனார்; எந்தத் துறை யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது முதல்வர்தானே.

திறமையை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பூத் வரை ஆள் வைத்திருக்கும் கட்சி ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை.

அரசு வங்கி அதிகாரிகளுக்கோ மீராவின் முதல் வழி கிடையவே கிடையாது. தீவிர அரசியலில் ஈடுபடுவதையும் தேர்தலில் நிற்பதையும் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. முதலில் வேலையை விட வேண்டும்.