பேட்டரி கட்டையா, வேன் கரண்ட்டா?

எங்கள் டிராவலர் வேனுக்குள் படுக்கை, சிங்க், அலமாரி எல்லாம் வைத்து அதை ஒரு குட்டி வீடாக மாற்றினோம். முதல் நாலைந்து பயணங்களில் எங்களை அதிகம் படுத்தியது பேட்டரி கட்டைதான். அப்பாவின் ரேடியோவுக்குப் பெரிய கட்டை இரண்டு, ஃபேனுக்கு நாலு, அலமாரி விளக்கு ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கட்டை மூன்று, கடிகாரத்துக்கு ஒரு பென்சில் பேட்டரி. ஈசிஆரில் மரக்காணம் தாண்டி ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் நின்றுவிட்டால் எந்தக் கடையைப் போய்த் தட்டுவது? இத்தனைக்கும் சீட்டுக்கு அடியில் 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று முழு சார்ஜில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அதிலிருந்து இந்தச் சின்னப் பொருள்களுக்குக் கரண்ட் எடுக்க வழிகள் பல. ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்று போனால் தப்பாகிவிடும். பொருள் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 12 வோல்ட் பேட்டரி என்பது பெயருக்குத்தான். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6, 12.7 காட்டும். என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வரை போகும். ஆகவே ‘12 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் 6 வோல்ட் ஆகிவிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொருள் இழுக்கும் கரண்ட் மாற மாற, அதற்குப் போகும் வோல்டேஜும் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்வெர்ட்டர் போட்டு, அதில் வீட்டு அடாப்டரைச் செருகுவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எனக்கு உடன்பாடில்லை. 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அதை மறுபடி 6 ஆக இறக்குவதில் இரண்டு இடத்திலும் நஷ்டம். ஒன்றுமே மாட்டாவிட்டாலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கரண்ட் தின்னும். மிக்ஸி, லேப்டாப் என்றால் சரி. ரேடியோவுக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி ரெகுலேட்டருக்கும் பக் கன்வெர்ட்டருக்கும்தான். இரண்டும் வோல்டேஜை இறக்குபவை. ரெகுலேட்டர் மிச்ச வோல்டேஜைச் சூடாக்கி வீணடிக்கும், பொருள் இழுக்கும் அதே கரண்ட்டைப் பேட்டரியிலிருந்தும் எடுக்கும். பக் கன்வெர்ட்டர் கரண்ட்டை வேகமாக விட்டு விட்டு அனுப்பி, அதிகம் வீணாக்காமல் இறக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டும் சுலபமாகக் கிடைக்கும். 7806 மாதிரி மூன்று கால் ரெகுலேட்டர் இருபது ரூபாய்க்குள். எல்எம்2596 என்ற சில்லு போட்ட பக் கன்வெர்ட்டர் பலகை, அதாவது பக் மாட்யூல், நூறு ரூபாய்க்கு உள்ளே. விலையை வைத்து முடிவு செய்ய அவசியமே இல்லை.

ஃபேனை எடுத்துக்கொள்வோம். நாலு கட்டை, அதாவது 6 வோல்ட். மல்டிமீட்டரில் பார்த்தால் 0.4 ஆம்பியர் இழுக்கிறது. 7806 போட்டால், வேன் ஓடும்போது 13.8 வோல்ட் உள்ளே வந்து 6 வெளியே போகிறது. மிச்சம் 7.8 வோல்ட். அதை 0.4-ஆல் பெருக்கினால் 3.1 வாட். அத்தனையும் வெறும் சூடு. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இல்லாத அந்தச் சில்லு வாட்டுக்கு 65 டிகிரி அளவில் ஏறும். மூன்று வாட்டில் தானே அணைந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிற்கும் வேனுக்குள் கேட்கவே வேண்டாம். பக் கன்வெர்ட்டர் அதே வேலைக்குப் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 0.23 ஆம்பியர்தான் எடுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு ரெகுலேட்டர் எடுப்பது 3.2 ஆம்பியர்-அவர், பக் கன்வெர்ட்டர் 1.8. ராத்திரி முழுக்க ஓடும் பொருளுக்குப் பக் கன்வெர்ட்டர்தான், சந்தேகமே இல்லை. ஃபேன் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், 3 ஆம்பியர் மாட்யூல் இருப்பதும் நல்லது.

அதே நம்பிக்கையில் அப்பாவின் ரேடியோவுக்கும் பக் மாட்யூலையே போட்டேன். காலையில் செய்தி வைத்தவர் ரேடியோவைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, “என்னப்பா இது, தேனீக் கூடு மாதிரி ங்ங்ங்னு இரையுது, ஒரு வார்த்தை கேக்கல” என்றார். காரணம் மாட்யூல்தான். எல்எம்2596 நொடிக்கு 1,50,000 தடவை அணைந்து எரிகிறது. 150 கிலோஹெர்ட்ஸின் மடங்குகளான 600, 750, 900 எல்லாம் மீடியம் வேவுக்குள்ளேயே விழுகின்றன. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. எஃப்எம் 101.4-இல் அவ்வளவு தெரியவில்லை. மாட்யூலைக் கழற்றிவிட்டு எல்எம்317 என்ற ரெகுலேட்டரைப் போட்டேன். வோல்டேஜைத் தீர்மானிக்க 240 ஓம், 330 ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர், வெளியே 2.97 வோல்ட். ரேடியோ இழுப்பது 40 மில்லி ஆம்பியர்தான் என்பதால் சூடு அரை வாட்டைத் தொடவில்லை. இரைச்சல் போய்விட்டது. வீணாகும் கரண்ட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர் செய்தி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ரேடியோவுக்குள் ஒயரை எப்படிக் கொண்டுபோவது? அதன் உடம்பில் ஓட்டை போட எனக்கு மனசு வரவில்லை. 33 மில்லிமீட்டர் தடிமன், 61 மில்லிமீட்டர் நீளத்தில் தேக்குத் துண்டு இரண்டை ஆசாரியிடம் உருட்டி வாங்கினேன். பெரிய கட்டைக்கு அதுதான் அளவு. ஒன்றின் தலையில் பித்தளை ஸ்க்ரூ, அதில் சிவப்பு ஒயர். இன்னொன்றின் அடியில் ஸ்க்ரூ, அதில் கறுப்பு. மூடி ஓரத்தில் ஏற்கெனவே இருந்த சின்ன இடுக்கு வழியாக ஒயர் வெளியே வந்துவிட்டது. வேண்டாமென்றால் மரக்கட்டையை எடுத்துவிட்டு நிஜக் கட்டையைப் போட்டுக்கொள்ளலாம். நாலு கட்டை போடும் பொருளென்றால் இரண்டு கோடியிலும் இருக்கும் பிளஸ், மைனஸ் மட்டும் போதும். நடுவில் காலியாக விடலாம். ஆனால் சில பொருள்களில் நடுக் கட்டையிலிருந்து தனியாக ஒரு ஒயர் போகும். முதலில் திறந்து பார்த்துவிடுங்கள்.

அலமாரி விளக்குகளை வேன் கரண்ட்டுக்கு மாற்றவே வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுங்கள் என்பேன். மூன்று கட்டை விளக்குகள் பலவற்றில் ரெசிஸ்டரே இருக்காது. கட்டையின் உள்தடையை நம்பியே செய்திருப்பார்கள். பக் மாட்யூலில் சரியாக 4.5 வோல்ட் வைத்துக் கொடுத்தால் எல்இடி அளவுக்கு மேல் இழுத்துக் கருகும். வைத்தே ஆகவேண்டுமென்றால் வோல்டேஜை இன்னும் இறக்கி வையுங்கள். இன்னொன்று: மாட்யூலில் உள்ள நீல நிறத் திருகைப் பல சுற்று சுற்றினால்தான் வோல்டேஜ் இறங்கத் தொடங்கும். மீட்டர் வைத்து இறக்கிய பிறகே பொருளை மாட்டுங்கள். அவசரத்தில் இதைச் செய்யாமல் ஒரு விளக்கை எரித்துவிட்டேன்.

20 லிட்டர் தண்ணி கேனில் மாட்டும் சார்ஜ் பம்ப், போன், டார்ச் இவையெல்லாம் 5 வோல்ட் யூஎஸ்பி. சுவரில் 12 வோல்ட் யூஎஸ்பி சாக்கெட் ஒன்று பதித்தால் முடிந்தது.

கடிகாரத்தையும் ரிமோட்டையும் தொடாதீர்கள். ஒரு பக் மாட்யூல் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்பியர் தின்னும், நாளைக்கு 120 மில்லி ஆம்பியர்-அவர். ஒரு நல்ல பென்சில் பேட்டரியின் மொத்தச் சரக்கும் இருபது நாளில் காலி என்ற கணக்கு. அதே பேட்டரியில் கடிகாரம் ஒரு வருஷம் தாண்டி ஓடும். ஆனால் கடற்கரைக் காற்றில் கட்டை சீக்கிரம் கசிகிறது. வெள்ளைப் பொடி பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஸ்ப்ரிங்கை நன்றாகக் காயவிடுங்கள்.

ஒயரிங்கில் ஒன்று சொல்லியாக வேண்டும். பேட்டரி பக்கத்திலேயே 5 வோல்ட்டாக்கி வேன் முழுக்க ஓட்டலாம் என்று முதலில் நினைத்தேன். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் நாலு மீட்டர் போய்த் திரும்ப, 2 ஆம்பியருக்கு 0.37 வோல்ட் இறங்குகிறது. 12-இல் அது தெரியாது. 5-இல் போன் சார்ஜ் ஏற முரண்டு பிடிக்கும். 12 வோல்ட்டையே கொண்டுபோய், பொருளுக்குப் பக்கத்தில் இறக்குங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம். சென்னைப் புதுப்பேட்டையில் பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் கேட்டால் கையில் கொடுப்பார்கள். அந்தப் பெரிய பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயர் நொடியில் பழுத்துவிடும், உள்ளே தூங்குகிறவர்கள் நம் வீட்டு ஆட்கள்.

புகை அலாரத்தை மட்டும் எந்த வழிக்கும் கொண்டுவரவில்லை. வேன் பேட்டரி செத்தாலும், ஃபியூஸ் போனாலும் அது கத்த வேண்டும். அதற்குள் எப்போதும் புதுக் கட்டைதான். பொங்கலுக்குப் பொங்கல் மாற்றிவிடுகிறேன்.