மீன் தொட்டி பம்ப்புக்கு "டைமர் பாக்ஸ்" வாங்கியவர்கள் முதலில் பிளக்கை உருவுங்கள்

ரெண்டு திருகு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு, பக்கவாட்டில் பம்ப் செருக ஒரு சாக்கெட், இரண்டு பின் பிளக் என்று வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வரும் டைமரை உங்கள் தொட்டிக்கு மாட்டியிருக்கிறீர்களா? அதைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். பணம் போன கதையை அப்புறம் சொல்கிறேன். அந்தத் திருகின் உலோகத் தண்டில் 230 வோல்ட் வருகிறது, அதுதான் முதல் விஷயம்.

என்னிடம் இருப்பது சின்ன கடல்நீர்த் தொட்டி, சாஃப்ட் கோரல் வைத்தது. பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) ஒரே திசையில் ஓயாமல் அடித்தால் பாறைக்குப் பின்னால் கழிவு தேங்கும், பவளமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். அதனால் இரண்டாவது பவர்ஹெட்டை 10 வினாடி ஓடவிட்டு 30 வினாடி நிறுத்தி, விட்டு விட்டு அடிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். கன்ட்ரோலரோடு வரும் வேவ்மேக்கர், அதாவது அலை அடிக்கும் பம்ப், விலையைப் பார்த்தால் தொட்டியையே இன்னொன்று வாங்கிவிடலாம் போல இருந்தது. சென்னை கொளத்தூரில் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் கைகாட்டிவிட, ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஆர்டரின் பேரில் சர்க்யூட் செய்து தரும் ஒரு கடைக்குப் போனேன். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், புகார் நடந்துகொண்டிருக்கிறது, பெயரைப் போட்டு அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு விஷயம் தெளிவாகக் கேட்டேன். ஆன் நேரமும் ஆஃப் நேரமும் தனித்தனியாக மாற வேண்டும். உள்ளே சர்க்யூட்டுக்குப் போகும் சப்ளை மெயின்ஸிலிருந்து (வீட்டு 230 வோல்ட் லைன்) பிரிந்திருக்க வேண்டும். "ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் சார் தருவோம், தண்ணி சமாச்சாரம் இல்லையா" என்றார் கடைக்காரர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1,850 ரூபாய், முழுத்தொகையும் முன்பணம். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்" என்று சொல்லி "எஸ்டிமேட்" என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

டப்பா வந்தது. ஒரு திருகுக்கு மேலே ஆன், இன்னொன்றுக்கு மேலே ஆஃப், இரண்டுக்கும் 1 முதல் 60 வினாடி வரை என்று அழகாக ஸ்டிக்கர். ஆஃபை 30க்கு வைத்தேன், ஆனை 10க்கு வைத்தேன். பம்ப் 40 வினாடிக்கு மேல் ஓடிவிட்டு 30 வினாடி நின்றது. ஆனைக் குறைத்துப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆஃபைத் திருகினால் ஆனும் சேர்ந்தே மாறுகிறது. எப்படித் திருப்பினாலும் ஆஃபைவிட ஆன் கூடுதலாகவே நின்றது.

555 என்ற டைமர் சிப்பைத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்டவுடனே புரிந்திருக்கும். 1972இல் சந்தைக்கு வந்த ஐசி அது, பாடப்புத்தகத்தில் இருக்கும் சாதாரண இணைப்பில் கெபாசிட்டர் இரண்டு ரெசிஸ்டர் வழியாகவும் சார்ஜ் ஆகும், ஒன்றின் வழியாக மட்டும் காலியாகும். ஆன் நேரம் 0.693 × (ஆர்1 + ஆர்2) × சி, ஆஃப் நேரம் 0.693 × ஆர்2 × சி. ஆக ஆஃபைவிட ஆன் குறையவே குறையாது, கணக்கே விடாது. இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் இரண்டு 1என்4148 டயோடு (ஒரே பக்கமாக மட்டும் கரண்ட் விடும் பாகம்) போட்டு, சார்ஜ் ஒரு பாதையில், டிஸ்சார்ஜ் இன்னொரு பாதையில் போகும்படி செய்ய வேண்டும். இரண்டும் சேர்த்து சில ரூபாய். அதைக்கூடப் போடாமல் மேலே "தனித்தனி" என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன் செய்தேன். "முதல்ல அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட செட் ஆயிடும்" என்றார். சர்க்யூட் ஓட ஓட செட் ஆவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

சரி, கடைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தபோதுதான் ஒரு மாலை தொட்டிக்குள் கைவிட்டுப் பாறையைச் சரிசெய்துவிட்டு, ஈரக்கையோடு திருகைத் தொட்டதும் சுரீர் என்றது. பிளாஸ்டிக் குமிழ்தான், ஆனால் குமிழைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவும் உள்ளே இருக்கும் தண்டும் உலோகம். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் அதோடு போனது. டெஸ்டரை எடுத்து அந்த ஸ்க்ரூவில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. பிளக்கை உருவித் திருப்பிச் செருகினேன், எரியவில்லை. மறுபடி திருப்பினேன், எரிந்தது.

மூடியைத் திறந்து பார்த்தபோது ட்ரான்ஸ்ஃபார்மர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெயின்ஸிலிருந்து நேராக ஒரு 105 கெபாசிட்டர், அதாவது ஒரு மைக்ரோஃபாரட், அதற்குப் பிறகு டயோடு, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஜீனர், ஒரு எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். கெபாசிட்டர் டிராப்பர் சப்ளை என்பார்கள், மலிவான எல்இடி பல்புக்குள் இருப்பது. யாரும் தொட முடியாதபடி மூடிய பல்புக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் சர்க்யூட்டின் கிரவுண்ட் நேராக மெயின்ஸின் ஒரு கம்பியோடு சேர்ந்திருக்கும். இரண்டு பின் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் அது நியூட்ரல், திருப்பிச் செருகினால் அதுவே ஃபேஸ். அந்தக் கெபாசிட்டராவது மெயின்ஸுக்கென்று வரும் எக்ஸ்2 வகையா என்று பார்த்தால், அதுவும் இல்லை, 400 வோல்ட் டிசி என்று அச்சடித்த சாதாரண வகை.

இதிலும் உச்சம் ஒன்று உண்டு. இரண்டு பாட்களின் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) உலோக உடலையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்து, அந்தக் கம்பியைக் கிரவுண்டில் பற்றவைத்திருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் ஹம் சத்தம் வராமலிருக்க வால்யூம் கன்ட்ரோலுக்கு இப்படிச் செய்வார்கள், ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் அது நல்ல பழக்கம்தான். இங்கே அதே கைப்பழக்கம் ஃபேஸை இழுத்து வந்து திருகில் வைத்துவிட்டது. செய்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டதாகச் சொன்னவரை மட்டும் அப்படி விட முடியாது.

பம்ப்பை ஆன்-ஆஃப் செய்யும் ரிலேயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12 வோல்ட் ரிலே, காயில் 400 ஓம், அதற்கு மட்டுமே 30 மில்லி ஆம்பியர் வேண்டும். அந்த அரை அலை சப்ளை 230 வோல்ட்டில் முக்கி முக்கித் தருவதே 32 சொச்சம், 555 எதைத் தின்னும்? மாலையில் லைன் வோல்டேஜ் இறங்கினால் ரிலே அரைகுறையாகத்தான் பிடிக்கும். தவிர இந்த வகைச் சின்ன ரிலேக்களுக்கு முழு லோடில் ஒரு லட்சம் தடவை என்றுதான் பொதுவாக டேட்டாஷீட்டில் ஆயுள் போடுவார்கள். 40 வினாடிக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளைக்கு 2,160 தடவை, ஒரு லட்சம் 46 நாளில் தீர்ந்துவிடும். பம்ப் சின்னது என்பதால் அதைவிடக் கூடுதலாக ஓடலாம், ஆனால் மோட்டார் சுருளுக்குப் போகும் கரண்டை வெட்டும்போது வரும் பொறியை அடக்க ஸ்நப்பர்கூட இல்லை. இதற்குத்தான் வாய்வழியாக "ஒரு வருஷம் வாரண்டி சார்".

கடைக்குப் போனேன். டப்பாவைத் திறந்து மேசையில் வைத்து, ட்ரான்ஸ்ஃபார்மர் எங்கே என்று கேட்டேன். அவர் டப்பாவைப் பார்க்கவே இல்லை. "நீங்க திறந்துட்டீங்க சார், இனி வாரண்டி கிடையாது." திறக்காமல் எப்படிப் பார்ப்பது என்றேன். "நூறு பேருக்கு மேல கொடுத்திருக்கேன், ஒருத்தர்கூட கம்ப்ளைன்ட் பண்ணலை." அங்கேயே செருகி டெஸ்டரை வைத்துக் காட்டினேன், எரிந்தது. "பிளக்கை மாத்திச் செருகுங்க சார், எரியாது பாருங்க" என்றார், பக்கத்தில் நின்ற பையனிடம் செருகச் சொல்லியும் காட்டினார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. அந்த நூறு பேர் வீட்டிலும் பிளக் எந்தப் பக்கம் செருகியிருக்கிறது என்ற கவலைதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

விட்டு விட்டு அடிக்கும் பம்ப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது நானே செய்து ஓட்டுவது 12 வோல்ட் டிசி பம்ப், பிஐஎஸ் பதிவு முத்திரை உள்ள சீல் செய்த அடாப்டர், 555, இரண்டு டயோடு, பம்ப்புக்குச் சுவிட்ச் போல வேலை செய்ய ஒரு ஐஆர்எஃப்இசட்44 மாஸ்ஃபெட். பம்ப்புக்குக் குறுக்கே ஒரு டயோடு, 555இன் சப்ளைக் கால்களுக்குப் பக்கத்திலேயே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். தொடக்கூடிய எதிலும் 12 வோல்ட்டுக்கு மேல் இல்லை. டைமிங்குக்குப் பெரிய எலக்ட்ரோலைட்டிக் போட்டால் கசிவால் நேரம் இழுத்துக்கொண்டே போகும், ஒரு மெகாஓம் பாட்டை முழுக்கத் திருப்பினால் சில சமயம் முடியவே முடியாது, அதனால் 555இன் சிமாஸ் வகையான 7555 வாங்கிக் கெபாசிட்டரைச் சின்னதாக்கி ரெசிஸ்டரைப் பெரிதாக்குங்கள். ஏசி பவர்ஹெட்டைத்தான் விட்டு விட்டு ஓட்ட வேண்டும் என்றால் ரிலேவுக்குப் பதில் ட்ரையாக்கை இயக்கும் எம்ஓசி3061 ஆப்டோகப்ளர், சுவிட்ச்சாக பிடி136 ட்ரையாக், ஸ்நப்பர். அதிலும் எல்லா ஏசி பவர்ஹெட்டும் அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்காது, ஒவ்வொரு தடவையும் காந்த ரோட்டார் "டக்" என்று உதைத்துக்கொண்டு கிளம்பும், இம்பெல்லர் தேயும். மெயின்ஸில் கைவைத்துப் பழக்கமில்லாதவர்கள் டிசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவானாலும் தொட்டி இருக்கும் லைனில் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும்.

கடையில் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பணம் கொடுக்கும் முன் அங்கேயே ஒரு டேபிள் விளக்கைச் செருகி, ஆனைக் குறைத்து ஆஃபைக் கூட்டி, போன் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். பிறகு திருகின் உலோகப் பகுதியில் டெஸ்டர், பிளக்கை இரண்டு பக்கமும் மாற்றிச் செருகி. இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

புகார் விவரம் கேட்பவர்களுக்கு: நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்திருக்கிறேன், அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் தராததையே நியாயமற்ற வணிக முறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, ஆகவே பில் இல்லை என்று பயந்து விட்டுவிடாதீர்கள், "எஸ்டிமேட்" சீட்டும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் என்னிடம் இருக்கின்றன. புகார் போன பிறகு கடையிலிருந்து கூப்பிட்டு, பாதிப் பணம் தருகிறேன், டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். டப்பா சாட்சி, கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அதே டப்பா வாங்கியவர்கள் இருந்தால் செருகாமல், திறக்காமல் பத்திரமாக வைத்திருங்கள், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக்கொள்கிறேன்.