பாளையங்கோட்டைப் பக்கம் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எடுக்கப் போறவங்க கவனத்துக்கு: 14,500 ரூபாய் தண்டம்

மூளை ரத்த ஓட்டத்தை அளக்குற பெர்ஃப்யூஷன் ஸ்கேனுக்குத் திங்கக்கிழமை 14,500 ரூபாய் கட்டினோம். கையில வந்தது சாதா சிடி ஸ்கேன் ஃபிலிமும் 'மூளை ரத்த ஓட்டம் சீராக உள்ளது'ங்கிற ஒத்தை வரியும். பேரு வேண்டாம். ஒரு தனியார் ஸ்கேன் சென்டர், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்கு இடது கழுத்துத் தமனியில அடைப்பு. மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகுதுன்னு அளக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். கவுண்டர்ல, "மெஷின்ல எல்லாம் இருக்கு அண்ணாச்சி, வெளிய உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்"னாங்க. அந்தச் சிரிச்ச முகத்தை நம்பித்தான் எண்ணிக் கொடுத்தது. ஸ்கேனுக்கு ஏத்துற அயோடின் மருந்து கிட்னிக்குப் பாரம், ஆனா சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் சாப்பிடுதாரான்னு கேக்கல. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பிரிக்காமலே ஃபைல்ல செருகினாங்க. அப்பவே முழிச்சிருக்கணும்.

வெளிய வரும்போது அவர் இடது புறங்கையில நீல வென்ஃப்ளான் (நரம்புல போடுற ஊசிக்குழாய்). 22 கேஜ், மெல்லிசு!

பெர்ஃப்யூஷன்ல படமெல்லாம் ரெண்டாம் பட்சம். மருந்து ஏறி இறங்குறதை நொடிக்கணக்குல அளக்குற வேலை அது. 40-50 மில்லி அயோடின் மருந்து, நொடிக்கு 5 மில்லி வேகத்துல, பின்னாலயே அதே வேகத்துல 40 மில்லி சலைன். இதுக்கு முழங்கை மடிப்புல, கூடுமானவரை வலது கையில, நீலத்தை விடத் தடிச்ச பச்சை ஊசி வேணும்; கெட்டாலும் ரோஸ். புறங்கை நீலத்துல அந்த வேகம் கொடுத்தா நரம்பு உடைஞ்சு மருந்து சதையில இறங்கிரும். வேகத்தைக் குறைச்சா மருந்து ஒண்ணாச் சேர்ந்து போகாம இழுபடும், மருந்து ஏறி இறங்குறதைக் காட்டுற வளைகோடு தட்டையாயிரும். மூளைத் திசுவுல ஏறுறதே சில ஹவுன்ஸ்ஃபீல்டு எண்தான் (ஸ்கேன்ல வெளுப்பை அளக்குற அலகு), அதுவும் படத்துல வர்ற புள்ளி இரைச்சல்ல முங்கிரும்.

படமெல்லாம் பதிஞ்ச சிடி (டிஸ்க்) கேட்டு மூணு நடை. முதல் நாள் "டாக்டர் வரல்ல". மறுநாள் "சர்வர்ல தேடணும்". பிறகு, "ஃபிலிம் போதுமே, உங்க டாக்டருக்குப் பாக்கத் தெரியாதோ?"

நேத்து வந்த சிடியைப் போட்டுப் பார்த்தா முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் 38 நொடி! அடைப்புள்ள பக்கத்துக்கு மருந்து வர்றதே பிந்தித்தான், 60-70 நொடியாவது ஓட விடணும். உச்சந்தலை நடுவுல ஓடுற பெரிய சிரையில வளைகோடு ஏறி, இறங்கி முடியணும். இங்க ஏறின இடத்துலயே வெட்டியாச்சு. வளைகோட்டுக்குக் கீழ உள்ள பரப்புலருந்துதான் ரத்த அளவு கிடைக்கும். அதைக் கடப்பு நேரத்தால, அதாவது ரத்தம் திசுவைக் கடக்க எடுக்குற சராசரி நேரத்தால, வகுத்தா ஓட்டம். பாதியில வெட்டினா பரப்பும் குறையும், நேரமும் குறையும். நல்ல மூளையில 100 கிராமுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லி ஓடும். இவங்க ரிப்போர்ட்ல ஒரு எண்ணும் இல்ல, ஓட்டத்தை நிறத்துல காட்டுற கலர் மேப்பும் இல்ல. பிறகு எதைப் பார்த்து 'சீராக உள்ளது'?

பணத்தைக் கேட்டா, "மருந்து ஏத்தியாச்சுல்லா"ங்காங்க. 14,500 ரூபாய். திரும்ப எடுத்தா கிட்னிக்கு இன்னொரு பாரம், கதிர்வீச்சும் இன்னொரு தடவை.

என்னென்ன பாக்கணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஓடல. ஊசி எங்க, என்ன நிறம்னு பாருங்க. மருந்துக்கு ஒண்ணு, சலைனுக்கு ஒண்ணுன்னு ரெண்டு சிரிஞ்ச் போடுற இன்ஜெக்டர் இருக்கான்னு கேளுங்க. எத்தனை நொடி ஸ்கேன்னு கேளுங்க. கலர் மேப்பும் முழு சிடியும் தருவோம்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. அதுக்கு முந்தி 14,500 இல்ல, 500 கூட கட்டாதீங்க.