ஏ.டி.வி. முன்சக்கர ஏ ஆர்ம் மாற்றக் கொடுத்து ஏமாந்தேன்: பழைய பாகத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

ஒடுகத்தூர்ப் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பில் உரமூட்டைகளையும் சொட்டுநீர்க் குழாய்களையும் ஏற்றிக்கொண்டு பாறைமேட்டில் ஏறி இறங்குவதற்காகப் பழைய ஏ.டி.வி. (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்றை வைத்திருக்கிறேன். அது பதிவெண் இல்லாத வண்டி, சாலையில் ஓட்டக் கூடாது. எனவே முன்சக்கரம் ஆடத் தொடங்கியதும் குட்டியானையில் ஏற்றி வேலூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

உண்மையில் தேய்ந்திருந்தது இடப்பக்கக் கீழ் பால் ஜாயின்ட், அதாவது சக்கரப் பகுதியை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு மட்டும்தான். ஆனால் பட்டறைக்காரர், அதை மட்டும் மாற்றினால் ஆறு மாதம்கூடத் தாங்காது என்றும், பக்கத்துக்கு இரண்டு அங்குலம் நீளமான இறக்குமதி ஏ ஆர்ம் (முன்சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் A வடிவக் கை) செட்டே போட்டுவிட்டால் வண்டி சரிவில் கவிழாமல் நிற்கும் என்றும் சொன்னார். பேச்சு இனித்தது, 38,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். ரசீது கேட்டதற்குத் துண்டுச்சீட்டு ஒன்றில் தொகையை எழுதிக் கொடுத்தார், அதையும் பத்திரமாக வாங்கிக்கொண்டேன்!

வண்டி திரும்பி வந்த மூன்றாம் நாள், காலி வண்டியில் சரிவில் இறங்கும்போது ஹேண்டில் தானாக இடமும் வலமும் இழுத்தது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பால் ஜாயின்டின் கேஸில் நட்டில், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டிய துளையில், கொத்தனார்கள் கம்பி கட்டும் கட்டுக்கம்பியை இரண்டு சுற்று முறுக்கிவிட்டிருந்தார்கள். அந்த நட்டு கழன்றால் சக்கரம் ஆர்மை விட்டே வெளியே வந்துவிடும்.

அதைவிடப் பயமுறுத்தியது, ஹேண்டிலின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராட். ஆர்ம் நீண்டால் டை ராடும் பிரேக் ஹோஸும் சேர்ந்து நீள வேண்டும். பழைய டை ராடையே வைத்துக்கொண்டு அதன் முனையைத் திருகி வெளியே இழுத்திருந்தார்கள், உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது மூன்றே மரை. அப்படியும் நீளம் எட்டாததால் சக்கரங்களின் பின்விளிம்பு உள்ளே இழுபட்டு முன்பக்கம் வெளியே விரிந்து நின்றது. (என்னுடையது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. நான்கு சக்கரமும் இழுப்பதாக இருந்தால் முன் ஆக்ஸிலும் நீளமாக வேண்டும். இல்லாவிட்டால் அது ஜாயின்டிலிருந்து உருவிக்கொள்ளும்.)

ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டால் ஆர்ம் தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும். இதுவோ அப்படியே அந்தரத்தில் நின்றது. ஆர்ம் வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்தில், புஷ் என்ற உறைக்குள் போகும் இரும்புக் குழல், அதாவது ஸ்லீவ், புஷ்ஷைவிட ஒரு மயிரிழை நீளமாக இருந்தால்தான் போல்ட் ஸ்லீவை இறுக்கிப் பிடிக்கும், ஆர்ம் தடையின்றி ஆடும். இதில் ஸ்லீவ் குட்டையாக இருந்ததால் போல்ட் புஷ்ஷையே நெரித்திருந்தது. சாவியால் பெயின்டைச் சுரண்டினால் வெல்டிங் அரிசிப்பொரி போலப் பொரிந்து கிடக்கிறது. எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஆர்ம் செய்த குழாயின் உட்புறத்தில் ஓடிய வெல்டிங் தையலைக் காட்டி, இது கிரில் கேட் செய்யும் குழாய் என்றார்.

பட்டறைக்குத் திரும்பிப் போனபோது, நான் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதாகப் பழி என்மேல் விழுந்தது. சரி, என் பழைய ஆர்ம்களைக் கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டாயிற்றாம். பால் ஜாயின்ட் ஒன்றை அழுத்திப் போட்டிருந்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடிய கம்பெனி ஆர்ம்கள் அவை. என் கணக்கில் உண்மையான நட்டம் அதுதான், 38,000 ரூபாய் அதற்கு அடுத்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பரிமாற்றத்துக்குக் கட்டணமும் இல்லை. ஜி.எஸ்.டி. ரசீது இல்லாததால் என் கையில் இருக்கும் சான்று ஜிபே கணக்கும், "இம்போர்ட் மால் சார்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், சக்கரம் கழற்றி எடுத்த படங்களும்தான். கட்டுக்கம்பியை மட்டும் அவிழ்க்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

நேற்று அவரே அழைத்து, புகாரைத் திரும்பப் பெற்றால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். பழைய ஆர்ம்களோடு வாருங்கள், பேசுவோம் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.