ஒரு வண்டி ஓட இரண்டு வண்டி: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5

சிவப்பு வண்டியை ஓட்டுவதற்கும் வெள்ளை வண்டியைப் பார்ட்ஸுக்காக அறுப்பதற்கும் வாங்கினோம். கடைசியில் அறுபட்டது சிவப்பு. ஓடிக்கொண்டிருப்பது வெள்ளை. இரண்டுமே முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, துணிக்கூரை போட்ட இரண்டு சீட் மாஸ்டா. சிவப்பு 1992, வெள்ளை 1990. எஞ்சின் இரண்டிலும் அதே 1.6 லிட்டர்.

மச்சானுக்கு வெல்டிங் தொழில், எனக்குக் கணக்கு எழுதும் வேலை. ஆகவே வண்டிக்குக் கீழே படுப்பது பெரும்பாலும் அவர். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்று நோட்டில் எழுதுவது நான். இந்த விமர்சனம் அந்த நோட்டிலிருந்துதான் வருகிறது.

எஞ்சின் பின்சக்கரத்தைச் சுழற்றும் சின்ன வண்டிதான் வேண்டும் என்று நாங்கள் அடம்பிடித்ததற்கு ஓட்டும் சுகம் மட்டும் காரணமில்லை. முன்சக்கர வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே மூட்டையாக முன்னால் கிடக்கும். பின்சக்கர வண்டியில் எல்லாம் வரிசையாக, தனித்தனியாக இருக்கும். எதை வேண்டுமானாலும் கழற்றலாம், வேறொரு சேசிஸில், அதாவது வேறொரு வண்டியின் அடிச்சட்டத்தில் வைக்கலாம். லோட்டஸ் செவன் என்ற பழைய சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி வண்டியை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் பல வருடங்களாக ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்து மேய்ந்ததும் இந்த வசதிக்காகத்தான்.

எம்எக்ஸ்-5க்கு முன்னால் வேறு சிலவற்றையும் பார்த்தோம். டொயோட்டாவின் ஏஇ86 கொரோலா 1983 முதல் 1987 வரை வந்தது. 16 வால்வு எஞ்சின், பின்னால் ஒரே தண்டாக நீளும் ஆக்சில். எளிமையான, அழகான வண்டி. ஆனால் டிரிஃப்டிங் மோகம், அதாவது வண்டியைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டும் மோகம், அதன் விலையை எங்கேயோ கொண்டுபோய்விட்டது, அதைப் பார்ட்ஸுக்காக அறுத்தால் பாவம் சுற்றும். எஸ்கார்ட்டின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் இன்று அதே கதிதான். பிஎம்டபிள்யூவின் ஈ36 காம்பாக்ட் கிடைக்கும், உறுதியான வண்டி, ஆனால் எங்களுக்கு எடை ஜாஸ்தி. பின்புற சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடத்தில் தகடு கிழிந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் அதை வாங்கக் கூடாது. சுசூகி கப்புச்சினோ 657 சிசி டர்போ எஞ்சினோடு சுமார் 700 கிலோதான். பார்த்ததும் மச்சான் மயங்கிவிட்டார். ஒரு கண்ணாடி உடைந்தால் மாற்றுக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டு அவரைத் தெளியவைத்தேன்.

எம்எக்ஸ்-5இன் பலமே இங்கேதான். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான வண்டி, 2016க்குள் எல்லாத் தலைமுறைகளும் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதனால் பழசும் புதுசுமாகப் பார்ட்ஸ் கிடைக்கிறது. முதல் தலைமுறையின் எடை ஒரு டன்னை ஒட்டி நிற்கும். நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கைகள் பிடிக்கும். முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமை இறக்கினால் அதோடு அந்தக் கைகளும் சக்கரம் மாட்டும் ஹப்பும் சேர்ந்தே வரும். எக்ஸோசெட் போன்ற, பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டும் கிட் வண்டிகள் இதை அப்படியே எடுத்து ஒரு குழாய்க் கூட்டில் மாட்டிக்கொள்கின்றன.

சரி, சிவப்புக்கு வருவோம். பெயிண்ட் மின்னியது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வால்வுப் பக்கம் லேசாக டிக் டிக் சத்தம், அதுகூட ஆயில் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர்தான், நல்ல ஆயில் மாற்றி ஓட்டியதும் அடங்கிவிட்டது. நாங்கள் சொக்கிப்போய் வாங்கினோம். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற பகுதியில் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். காந்தம் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் விரல் கணுவால் அந்த இடத்தைத் தட்டினார். கணீர் என்று வர வேண்டிய சத்தம் பொத்து பொத்து என்று வந்தது. ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார், உள்ளே போய்விட்டது. முன்பு வைத்திருந்தவர் பட்டி போட்டுப் பூசி மெழுகியிருக்கிறார். பட்டிக்குப் பின்னால் ஈரச் சேறு, அதற்கும் பின்னால் ஒன்றுமில்லை.

காரணம் சின்னது. துணிக்கூரையின் பின்புறம் விழும் மழைநீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலையும் தூசியும் குழாயை அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி, அந்தப் பெட்டியை உள்ளிருந்து அரிக்கும். வெளியே தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். வாங்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். கூரையின் ஓரத்தில் மெதுவாக ஊற்றுங்கள். கீழே சொட்டவில்லை என்றால் எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அதை ஓட்டும் வண்டியாகப் பார்க்காதீர்கள்.

வெள்ளையை இதற்குப் பிறகுதான் வாங்கினோம், சிவப்புக்குக் கதவும் சீட்டும் கொடுக்க. எஞ்சின் செத்தது என்று சொல்லியே விற்றார்கள். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் மாட்டிய புல்லியின் முகத்தில் நான்கு வெட்டு இருந்தது. 1991 வரை வந்த ஆரம்ப கால எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு, அதாவது அந்த முன்முனை, குட்டை. டைமிங் பெல்ட் மாற்றியபோது அந்த முனையின் போல்ட்டைச் சரியான அழுத்தத்தில் முறுக்காமல் விட்டால், தண்டோடு சேர்த்துப் பூட்டும் சின்ன உலோகத் துண்டு ஆடி ஆடித் தன் பள்ளத்தையே தின்றுவிடும். பின்னால் வந்த நீள மூக்கில் எட்டு வெட்டு இருக்கும். டார்ச் அடித்து எண்ணினால் ஒரு நிமிட வேலை. வெள்ளையின் புல்லியைக் கையால் பிடித்தாலே ஆடியது.

ஆனால் பாடி? பல வருடம் கூரைக்குக் கீழே உலர்ந்த இடத்தில் நின்ற வண்டி. காந்தம் எல்லா இடத்திலும் கப்பென்று ஒட்டியது. மச்சான் வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். "மாப்ளே, நாம தப்பான வண்டிய அறுக்கப் போறோம்" என்றார்.

அதன்பிறகு சிவப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தோம். என் நோட்டின்படி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கி, சுத்தம் செய்து, வெள்ளையில் ஏற்ற 46 மணி நேரம். சிவப்பின் ஒரு பக்கத் துருவை மட்டும் வெட்டி ஒட்டலாம் என்று அதற்கு முன் முயன்று, பாதியில் கைவிட்டதற்கு 58 மணி நேரம். எஞ்சினை நட்டு போல்ட்டால் மாற்றலாம். துருவுக்கு அப்படி ஒரு ஸ்பானர் கிடையாது. வெல்டரே வீட்டில் இருந்தும் இந்தக் கதை.

இறக்கும்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். இந்த வண்டியில் கியர்பாக்ஸுக்குத் தனியாக மவுண்ட் கிடையாது. கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் நீளமான ஓர் அலுமினியச் சட்டம் இணைக்கிறது, அதுதான் தாங்குகிறது. கியர் போடும்போது கையில் கிடைக்கும் அந்த இறுக்கமான உணர்வில் இதற்கும் பங்குண்டு. நான் வெள்ளையில் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி வைக்காமல் சட்டத்தின் போல்ட்டைக் கழற்றினேன். வால் தொங்கியது, எஞ்சின் பின்பக்கம் சாய்ந்தது, எஞ்சின் ஹெட்டின் பின்முனையில் துருத்திக்கொண்டிருந்த கேம் ஆங்கிள் சென்சார் (எஞ்சின் சுழற்சியின் நிலையைச் சொல்லும் கருவி) எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் மோதி உடைந்தது. சிவப்பில் இன்னொன்று இருந்ததால் பிழைத்தேன். இரண்டு வண்டி வாங்குவதன் அருமை அன்று புரிந்தது. இன்னொன்று, அந்தச் சட்டத்துக்கு நேராக ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிவிடாதீர்கள், வளைந்துவிடும்.

வேறு சேசிஸில் ஏற்ற இந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தேடுகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். சட்டத்தையும் டிஃபரன்ஷியலையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் கியர்பாக்ஸுக்கு நீங்களே ஒரு மவுண்ட் செய்ய வேண்டும். வயரிங்கை அறுக்காதீர்கள், முழுதாகப் பிடுங்கி ஒவ்வொரு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். பின்னால் வந்த தலைமுறைகளில் இம்மொபிலைசர் உண்டு, சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத பூட்டு அது. சாவி இல்லாத வண்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம். பார்ட்ஸுக்காக 1.6ஐ வாங்கியிருக்கக் கூடாது. 1993இன் கடைசியிலிருந்து வந்த 1.8இல் டிஃபரன்ஷியல் பெரியது, பலமானது. முன் பிரேக் டிஸ்க்கும் 235 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆகிறது. டிஃபரன்ஷியலோடு, கியர்பாக்ஸிலிருந்து அதற்குச் சக்தி கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் சக்கரங்களுக்குப் போகும் பக்கத் தண்டுகளையும் சேர்த்து எடுத்தால் 1.6இன் பாடியில் உட்கார்ந்துவிடும். டர்போ வைக்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு 1.6இன் டிஃபரன்ஷியல் சீக்கிரம் டாட்டா காட்டிவிடும். எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. மச்சானுக்கு இருக்கிறது என்பதை நேற்றுதான் கண்டுபிடித்தேன்.

கடைசியாக ஒரு விஷயம், இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வாங்கும் முன் கூரையை மூடி உள்ளே உட்கார்ந்து பாருங்கள். மச்சான் ஆறடி ஓர் அங்குலம். சீட்டைப் பிரித்து ஸ்பாஞ்சில் இரண்டு விரல் கனத்துக்குச் சீவி எடுத்தோம், அப்படியும் கூரையின் கம்பி அவர் உச்சந்தலையில் உரசுகிறது. மழை வந்தால் சாவி என் கைக்கு வந்துவிடும்.